ஸ்கீ படகின் ஸ்டீயரிங் ஆடுகிறதா? அசைவு எங்கே தொலைகிறது என்று முதலில் பாருங்கள்

வாட்டர் ஸ்கீயில், படகு இழுக்க ஸ்கீயர் மிதவைகளைச் சுற்றி வளைந்து போகும் தடம்தான் ஸ்லாலம் கோர்ஸ். அதில் படகு போகும் வழியின் அகலம் 2.3 மீட்டர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 259 மீட்டர். மணிக்கு 58 கிலோமீட்டரில் போனால் 16 விநாடியில் முடிந்துவிடும். அந்த 16 விநாடியும் நல்ல ஓட்டுநர் வீலைத் திருப்புவதே தெரியாது, விரல் கனத்துக்கு அசைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். வீலிலேயே இரண்டு விரல் அளவுக்கு ஆட்டம் இருந்தால் அவர் செய்யும் திருத்தம் எதுவும், தண்ணீருக்குள் நின்று படகைத் திருப்பும் சுக்கானுக்குப் போய்ச் சேராது. படகு தன் போக்கில் அலையும், பின்னால் கயிற்றில் தொங்குபவர் திட்டுவார்.

இப்படி ஆனதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம் புது கேபிள் ஆர்டர் போடுவது. ஸ்டீயரிங் பாகங்களிலேயே மாற்றக் கஷ்டமானது அதுதான். பல சமயம் குற்றவாளி அது இல்லை. ஒரு போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஒரு பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே வேலைதான்: வீலில் கொடுத்த அசைவு சுக்கானுக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்டுபிடிப்பது.

நான் சொல்வது எஞ்சின் நடுவில் உட்கார்ந்து, ஒரே புரொப்பெல்லரும் அதன் பின்னால் ஒரே சுக்கானும் இருக்கும் இன்போர்ட் படகுகளுக்கு: ஸ்கீ நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட், மாலிபு வகையறா. கேபிள் ஸ்டீயரிங் உள்ளவை. ஹைட்ராலிக் என்றால் கதை வேறு.

அசைவு போகும் வழி

டாஷ்போர்டுக்குப் பின்னால் வீலின் தண்டு ஹெல்ம் என்ற பல்சக்கரப் பெட்டிக்குள் போகிறது. ஹெல்ம் ஒரு கேபிளைத் தள்ளும், இழுக்கும். கேபிள் படகின் பக்கவாட்டிலோ தரைக்கு அடியிலோ ஓடிப் பின்பக்கம் வந்து, டில்லர் ஆர்ம் என்ற கையின் நுனியில் பால் ஜாயின்டால் மாட்டியிருக்கிறது. அந்தக் கை சுக்கான் தண்டின் தலையைக் கவ்விப் பிடித்திருக்கும். தண்டு அடிப்பகுதியில் உள்ள சுக்கான் போர்ட் என்ற குழல் வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது.

சைக்கிள் பிரேக் ஒயரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை: உள்ளே ஒரு கம்பி ஓடும், வெளியே உறை அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் பிரேக் ஒயர் இழுக்க மட்டும்தான் செய்யும். ஸ்டீயரிங் கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதனால் வழியில் இருக்கும் ஒவ்வொரு இடைவெளியையும் திசை மாற்றும்போதெல்லாம் ஒரு முறை கடந்தாக வேண்டும். நாம் வீலில் உணரும் ஆட்டம் இந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளின் மொத்தக் கூட்டல்தான்.

இன்னொரு விஷயம். சுக்கானை ஏதோ ஒரு விசை எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால், இடைவெளிகளெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், ஆட்டம் கையில் தெரியாது. எந்தப் பக்கமும் தள்ளாமல் சுக்கான் நடுநிலையாக இருந்தால், அதே ஆட்டம் அப்படியே வெளியே வரும். அதனால்தான் வேகத்தில் லேசாக ஒரு பக்கம் இழுக்கும் படகு நேராகப் போவதும், கச்சிதமாக நடுநிலையாக்கிய படகு அலைவதும் நடக்கிறது. ஒரு பக்க இழுப்பைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

அறிகுறி: வீல் கொஞ்ச தூரம் சும்மா சுற்றுகிறது, அப்புறம்தான் படகு திரும்புகிறது

படகு டிரெய்லரில் இருக்கட்டும். எஞ்சின் நிற்க வேண்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சுக்கானைத் தொடும் கை புரொப்பெல்லரை ஒட்டித்தான் இருக்கப்போகிறது. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீலை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். முழுதாகத் திருப்பக் கூடாது, ஆட்டம் தெரியும் அளவுக்குத்தான். நீங்கள் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். வீலில் தொடங்கிப் பின்பக்கம் போகலாம். ஆனால் நான் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் தண்ணீரும் துருவும் அங்கேதான் இருக்கின்றன.

பின் மூடியைத் திறந்ததும் முதலில் கேபிளின் கிளாம்பைப் பாருங்கள். டில்லர் ஆர்முக்குக் கொஞ்சம் முன்னால், கேபிளின் உறையை ஒரு பிராக்கெட்டில் இறுக்கிப் பிடித்திருக்கும். வீல் ஆடும்போது கம்பி மட்டும் ஓட வேண்டும். உறையோ பிராக்கெட்டோ சேர்ந்து நகர்ந்தால், அசைவு அங்கே தொலைகிறது. ஒரு விரலைப் பிராக்கெட்டும் படகின் உடம்பும் சேரும் இடத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். கிளாம்ப் பற்றிய இடத்தில் உறை பளபளவென்று தேய்ந்திருந்தால் அது பல நாளாக வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிராக்கெட்டின் ஸ்க்ரூ பிடித்திருக்கும் மரம் பழைய படகுகளில் ஊறிப் போயிருக்கும். அப்போது ஸ்க்ரூவை இறுக்கினால் அது சும்மா சுற்றும். ஊறிய மரத்தை எடுத்து, எப்பாக்ஸி நிரப்பி, காய்ந்ததும் புதிதாகத் துளை போடுவதுதான் வழி. பெரிய ஸ்க்ரூ போட்டுச் சமாளிப்பது ஒரு சீசனுக்குத்தான் வரும்.

அடுத்து பால் ஜாயின்ட். கேபிள் கம்பி நகர்ந்து, டில்லர் ஆர்ம் ஒரு கணம் தாமதமாக நகர்ந்தால் இதுதான். பந்தைச் சுற்றி ஈரமான பழுப்புப் பொடி தெரிந்தால் மேலே யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். எளிதாகக் கிடைக்கும் பாகம்தான். இங்கே ஒரு தவறான நம்பிக்கை உண்டு: பால் ஜாயின்டை அதன் மறையில் உள்ளே வெளியே சுற்றினால் ஆட்டம் குறையும் என்பார்கள். குறையாது. அது கேபிளின் நீளத்தைத்தான் மாற்றும், அதாவது படகு நேராகப் போகும்போது வீலின் கம்பிகள் நேராக நிற்கின்றனவா என்பதைச் சரிசெய்ய மட்டும்தான் அது. வேலை முடிந்ததும் லாக் நட்டை இறுக்க மறக்க வேண்டாம், கழற்றிய நைலான் நட்டை மறுபடி போடவும் வேண்டாம்.

மூன்றாவது, டில்லர் ஆர்ம் சுக்கான் தண்டைக் கவ்வும் இடம். ஆர்ம் நகர்ந்தும் தண்டு நகரவில்லை என்றால் கவ்வும் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கீ என்ற சின்ன உலோகத் துண்டு தேய்ந்திருக்கிறது. இதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். தண்டின் தலையையும் ஆர்மையும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரே கோடு போடுங்கள். கீழே ஒருவர் சுக்கான் பலகையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், மேலே வீலை இரண்டு பக்கமும் அழுத்தித் திருப்பச் சொல்லுங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகினால் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். மற்ற இடங்களில் ஆட்டம் என்பது தொந்தரவு. இங்கே ஆட்டம் என்றால் வேகத்தில் ஒரு நாள் ஸ்டீயரிங்கே இல்லாமல் போகும்.

பின்பக்கம் எல்லாம் சரி என்றால் முன்பக்கம் வாருங்கள். வீலைத் திருப்பாமல், உங்கள் மார்பை நோக்கி இழுத்தும் தள்ளியும் பாருங்கள். டாஷ்போர்டே சேர்ந்து வளைந்தால் ஹெல்மைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்வு. வீல் மட்டும் தண்டின் மேல் ஆடினால், நடு மூடியைக் கழற்றி உள்ளே உள்ள நட்டைப் பாருங்கள். தண்டு கூம்பாக இருக்கும், அதில் ஒரு கீ உட்கார்ந்திருக்கும். டில்ட் ஸ்டீயரிங் என்றால் மடங்கும் ஜாயின்ட்டும் தேயும்: வீலை மேல் நிலையிலும் கீழ் நிலையிலும் வைத்து ஆட்டத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வீலின் தண்டு திரும்புகிறது, ஹெல்மிலிருந்து கேபிள் தாமதமாகக் கிளம்புகிறது என்றால் ஹெல்மின் பற்கள் தேய்ந்துவிட்டன. இது வீட்டில் பிரித்து ரிப்பேர் செய்யும் சாமான் இல்லை, முழுதாக மாற்றுவதுதான். நோ ஃபீட்பேக் வகை ஹெல்ம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். கையை எடுத்தாலும் வீல் நிற்கும்படி உள்ளே ஒரு கிளட்ச் இருப்பதால், புதிதாக இருக்கும்போதே அதில் சாதாரண ஹெல்மைவிடச் சற்று அதிக ஆட்டம் இருக்கும். அதை நோய் என்று நினைத்துக் காசு செலவு செய்ய வேண்டாம்.

இதெல்லாம் போய், ஹெல்மில் கேபிள் உடனே கிளம்புகிறது, பின்பக்கம் கிளாம்ப் அசையவில்லை, ஆனால் கம்பி தாமதமாக வருகிறது என்றால், சரி, இப்போது கேபிளைக் குற்றம் சொல்லலாம். உள்ளே தேய்ந்துவிட்டது.

அறிகுறி: லூஸாகவும் இருக்கிறது, கனமாகவும் இருக்கிறது

இரண்டும் சேர்ந்து வருவது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் சாதாரணம். ஏதோ ஓரிடத்தில் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பை மீறித் தள்ளும்போது, மற்ற தளர்ந்த இணைப்புகள் எல்லாம் வளைந்து கொடுக்கின்றன. பிடிப்பை நீக்கினால் பாதி ஆட்டம் தானாகக் காணாமல் போவதையும் பார்க்கலாம்.

பால் ஜாயின்டை டில்லர் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். டில்லர் ஆர்மைக் கையாலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கோளாறு சுக்கான் போர்ட்டில். கிரீஸ் நிப்பிள் இருந்தால் தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸ் அடித்து, ஆர்மை ஆட்டிக்கொண்டே மறுபடி அடியுங்கள். நிப்பிள் இல்லாத பழைய போர்ட்டில் கிளாண்ட் நட்டைப் பாருங்கள்: கசிகிறது என்று யாரோ ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, உள்ளே தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்ட் ரோப் கல்லாகியிருக்கும். ரோப்பை மாற்றி, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். புரொப்பெல்லர் தண்டின் கிளாண்டில் ஓடும்போது சொட்டுச் சொட்டாக வருவது இயல்பு. சுக்கான் தண்டு சுழல்வதில்லை, அங்கே சொட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஆர்ம் தாராளமாக ஓடுகிறது, ஆனால் கழற்றிய நிலையிலும் வீல் கனமாக இருக்கிறது என்றால் கேபிள் அல்லது ஹெல்ம். நான் இருக்கும் ஒன்டாரியோவில் இது வசந்தகாலப் புகார்: கேபிளின் உறையில் எங்கோ ஒரு விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து, துருப்பிடித்து, மே மாதம் படகை எடுக்கும்போது வீல் அசையாது. சிலர் உறைக்குள் எண்ணெய் செலுத்திப் பார்ப்பார்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதைதான். உறை வெடித்த கேபிளுக்கு வைத்தியம் இல்லை. மாற்றுங்கள்.

அறிகுறி: மெதுவாகப் போகும்போது மட்டும் அணியம் அலைகிறது

ஐடிலில் துறையை நோக்கி வரும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, இடமும் வலமும் தேடிக்கொண்டே போகிறதா? வேகம் எடுத்து படகு தண்ணீர் மேல் எழுந்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் கோளாறே இல்லை. இந்தப் படகுகளின் அடி தட்டையானது, அலை சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தது. சுக்கானும் சிறியது, புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் அதன் மேல் படும்போதுதான் அதற்கு உயிர். ஐடிலில் அந்தத் தண்ணீர் சொற்பம்.

இதற்கு மருந்து ஓட்டுநரிடம்தான் இருக்கிறது: அணியத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் வீலைத் திருப்பாமல் இருப்பது. திருத்தம் போய்ச் சேரும்போது அணியம் தானாகத் திரும்பி வந்துகொண்டிருக்கும், இரண்டும் சேர்ந்து அலைச்சல் இரட்டிப்பாகும். ஆட்களையும் சாமான்களையும் ஒரே பக்கம் குவிக்காதீர்கள். ஸ்டீயரிங்கில் உண்மையான ஆட்டம் இருந்தால் ஐடிலில் அது இன்னும் மோசமாகத் தெரியும் என்பது உண்மை, அதனால் மேலே சொன்ன சோதனையை ஒரு முறை செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஸ்கீயர் பக்கவாட்டில் வெட்டும்போது மட்டும் படகு நகர்கிறது என்பதும் இதே ரகம். கயிறு கட்டும் பைலன் படகின் நடுவில் இருப்பதே அந்த இழுப்பு பின்பக்கத்தைத் திருப்பாமல் இருக்கத்தான். இருந்தாலும் கனத்த ஆள் வெட்டினால் படகு கொஞ்சம் கொடுக்கத்தான் செய்யும்.

அறிகுறி: கையை விட்டால் ஒரே பக்கமாக இழுக்கிறது

ஒற்றைப் புரொப்பெல்லர் படகு வேகத்தில் ஒரு பக்கம் லேசாக இழுப்பது இயல்பு. சுழலும் தண்ணீர் சுக்கானில் மேலும் கீழும் ஒரே மாதிரிப் படுவதில்லை. முன்பே சொன்னபடி, அந்த லேசான இழுப்பு உங்களுக்கு நண்பன், ஸ்டீயரிங்கின் ஆட்டத்தை ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறது. ஒரு விரலால் பிடித்து நிறுத்த முடிகிறது என்றால் தொடாதீர்கள்.

தோள் வலிக்கும் அளவுக்கு இழுத்தாலோ, முன்பு இல்லாமல் திடீரென்று வந்தாலோ தேட வேண்டும். திடீரென்று வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அடி தட்டியதுதான். படகுக்கு அடியில் நடுக்கோட்டில் வரிசையாக இருக்கும் ஃபின் என்ற சிறு தகடுகளைப் பின்னால் நின்று ஒரே பார்வையில் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். கையால் ஆட்டிப் பார்த்து, போல்ட் தளர்ந்திருந்தால் சீலன்ட் போட்டு மறுபடி உட்கார வையுங்கள். சுக்கான் பலகை முறுக்கியிருக்கிறதா, புரொப்பெல்லரின் இறக்கை மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடி தட்டவில்லை, ஆரம்பத்திலிருந்தே இழுப்பு அதிகம் என்றால் சுக்கானின் பின்விளிம்பை அராவிச் சரிசெய்யலாம். விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னச் சரிவு விழும்படி அரம் போட்டால், அந்த இடத்தில் தண்ணீர் பிரியும் விதம் மாறி, சுக்கான் தானாக ஒரு பக்கம் தள்ளப்படும். எந்தப் பக்கம் என்பதற்கு உங்கள் படகின் கையேட்டைப் பாருங்கள், கேள்விப்பட்டதை வைத்துச் செய்ய வேண்டாம். சில இழுப்பு அரம், பிறகு தண்ணீரில் ஓட்டம், மறுபடி சில இழுப்பு. அராவிய வெண்கலத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. முழு நடுநிலை வரும்வரை போகாதீர்கள், கொஞ்சம் இழுப்பு மிச்சம் இருக்கும்போதே அரத்தைக் கீழே வையுங்கள். அப்புறம் முக்கியமாக, ஸ்டீயரிங்கின் ஆட்டத்தை எடுத்த பிறகுதான் இந்த வேலை. ஆட்டத்தோடு அராவினால் நீங்கள் எதைச் சரிசெய்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

அறிகுறி: வேகத்தில் பின்பக்கம் கடகடவென்று சத்தம், வீலில் நடுக்கம்

டிரெய்லரில் சுக்கானின் கீழ் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். திருப்புவது இல்லை, ஆட்டுவது. தண்டு போர்ட்டுக்குள் லேசாக அசைந்தால் பரவாயில்லை. டொக் டொக்கென்று தட்டினால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்துவிட்டது. அதே சமயம் மேலே ஒருவர் போர்ட்டையே பார்க்கட்டும். போர்ட் சேர்ந்து ஆடினால், அதைப் படகோடு பிணைக்கும் போல்ட்டுகள் அல்லது அடியிலுள்ள மரம் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் புஷ் மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

புஷ் மாற்ற சுக்கானைக் கீழே இறக்க வேண்டும். டில்லர் ஆர்மைக் கழற்றினால் பல படகுகளில் அது நேராகக் கீழே விழும், கனமான சாமான். அடியில் கட்டை வைத்துக்கொள்ளுங்கள், டிரெய்லரையும் உயர்த்த வேண்டியிருக்கும். படகு தண்ணீரில் இருக்கும்போது இதைத் தொடவே கூடாது. சுக்கான் போன இடத்தில் மிஞ்சுவது படகின் அடியில் ஒரு ஓட்டை.

கேபிள் மாற்றத்தான் வேண்டும் என்றால்

பழைய கேபிளின் உறையில் ஒரு நம்பர் அச்சிட்டிருக்கும். பொதுவாக அதன் கடைசி இரண்டு எண்கள் அடியில் நீளம். உறையில் டெலிஃப்ளெக்ஸ் என்று இருந்து, கடைக்காரர் சீஸ்டார் என்றோ டோமெட்டிக் என்றோ எழுதிய பெட்டியை நீட்டினால் குழம்ப வேண்டாம், கம்பெனி கைமாறி வந்த பெயர்கள் அவை. பின்முனையைப் பார்த்து வாங்குங்கள்: எஞ்சின் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்டு படகின் கேபிள் முனையில் எஞ்சினின் டில்ட் குழாய்க்குள் போகும் நீண்ட கம்பி இருக்கும், இன்போர்டுக்கு அது பொருந்தாது. ஹெல்மும் அதே வயது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

பழையதை உருவும்போது அதன் வாலில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள், புதியதை அதே வழியில் இழுக்க உதவும். கூர்மையான வளைவு எங்கேயும் வரக் கூடாது. ஒவ்வொரு வளைவும் ஆட்டத்தையும் கனத்தையும் கூட்டும், அதனால் பழையது போன வழிதான் சரியான வழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் ஓட்டம் காற்றில்லாத காலையில், ஸ்கீயர் இல்லாமல். ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு மாட்டியிருக்கட்டும். இறக்கியதும் பின் மூடியைத் திறந்து சுக்கான் போர்ட்டில் கசிவு பாருங்கள், ஐடிலிலேயே வீலை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள், அப்புறம் படிப்படியாக வேகம். கரைக்கு வந்ததும் கேபிள் கிளாம்பிலும் டில்லர் ஆர்ம் போல்ட்டிலும் மறுபடி ஸ்பேனர் வையுங்கள், புதிதாக இறுக்கியவை முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும். டில்லர் ஆர்மில் போட்ட மார்க்கர் கோட்டை அழிக்காதீர்கள். பின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது ஒரே கோடாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.